காதியார் முன் நிற்கும் சகோதரிக்கு

காதி நீதிமன்றம், ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசும் சபையன்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், நீதிச்சேவை ஆணைக்குழு நியமித்த காதியார் நடத்தும் விசாரணை அது.

கணவரின் கொடுமை தாங்காது நீங்கள் பஸஹ் கோரினால், காதியார் மூன்று முஸ்லிம் ஜூரிமாருடன் அமர்ந்து இரு தரப்பையும் சாட்சிகளையும் விசாரிப்பார். உங்களுக்காகப் பேச அங்கே சட்டத்தரணி வர முடியாது. உங்கள் துயரை நீங்களே சொல்ல வேண்டும்.

கண்ணீர் பதிவேட்டில் ஏறாது. திகதியும் சம்பவமும் சாட்சியுமே ஏறும். அவற்றை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதெல்லாம் பதியப்பட்டதா என்று கேளுங்கள். வாசித்துப் பாராமல் ஒப்பமிடாதீர்கள். தீர்ப்பில் குறை கண்டு காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்தால், அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பதிவேடுதான்.

கேட்பது வெட்கமன்று, அது உங்கள் ஹக்கு.