லீ குவான் யூவும் ஆபீஸ் ஏ.ஸி.யும்

எங்கள் ஆபீஸில் ஏ.ஸி. மக்கர் பண்ணும்போதெல்லாம் எனக்கு சிங்கப்பூர் லீ குவான் யூ ஞாபகம்தான் வரும். உங்கள் நாடு முன்னேறியது எப்படி என்று கேட்டதற்கு, 2009-ல் ஒரு பேட்டியில் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று ஏர்கண்டிஷனர்! அது இல்லாவிட்டால் காலையிலும் அந்தியிலும்தான் உருப்படியாக வேலை நடக்கும் என்றார். 1959-ல் பிரதமரானதும் முதல் வேலையாக அரசு ஆபீஸ்களில் ஏ.ஸி. மாட்டினாராம். குமாஸ்தா மனசு தெரிந்தவர்.

2015-ல், 91 வயதில் இறக்கும் வரை பெரியவர் யாருக்கும் அட்வைஸ் தராமல் விட்டதில்லை. இந்தியா தன் சக்தியைத் தரிசாகப் போட்டு வைத்திருக்கிறது என்று நம்மையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். சீனா அவரைக் கவனமாகக் கேட்டது. 1978-ல் விருந்தாளியாக வந்த டெங் சியாவ் பிங்குக்கு, மரியாதைக்காக எச்சில் துப்பப் பீங்கான் ஜாடிகூட வைத்தார் லீ. டெங் துப்பவில்லை. ஆனால் பார்த்ததை மறக்கவும் இல்லை. 1992-ல் தன் நாட்டாரிடம், சிங்கப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

அதே 1992-ல் மணிலாவில் லீ ஒரு குண்டு போட்டார். ஒரு நாடு முன்னேற ஜனநாயகத்தைவிடக் கட்டுப்பாடுதான் அதிகம் தேவை என்று.

கணக்கு அவர் பக்கம்தான். 1959-ல் சுமார் 400 டாலராக இருந்த தலா வருமானம், 1990-ல் அவர் பதவி விலகியபோது 12,000 டாலரைத் தாண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரரை 1966-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். விசாரணையே கிடையாது. வெளியே விட 23 வருஷம் ஆயிற்று. அப்புறமும் ஒரு தீவில் காவல்.

லீக்குச் சரியான பதில் தென்கொரியாவிலிருந்து வந்தது. கிம் டே ஜுங் 1980-ல் ராணுவ ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியவர். ஜனநாயகம் ஆசியாவுக்கு அந்நியச் சரக்கல்ல என்று 1994-ல் எழுதினார். கெட்ட ராஜாவை இறக்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு என்று சீன ஞானி மென்சியஸ் எப்போதோ சொல்லியாச்சே என்றார். ஓட்டு வாங்கி 1998-ல் அதிபரும் ஆனார்.

கேன்டீனில் இதைச் சொன்னேன்.

"என்ன சொன்னாலும் லீ மாதிரி ஒருத்தர் நமக்கு வேணும் சார்" என்றார் அக்கவுன்ட்ஸ் நண்பர்.

"சரி, அந்த 23 வருஷம் உள்ளே போறது நீங்களா இருந்தா?"

யோசித்தார்.

"இருங்க, டீ டோக்கன் வாங்கிட்டு வந்துடறேன்."