'ஃபெயார்' என்றால் நியாயம் மட்டும்தானா?

வெள்ளவத்தையில் மாலை நேர ஆங்கில வகுப்புகளுக்கு வருகிறவர்களில் இரு வகையினர் அதிகம். ஒருவர் வெளிநாட்டு விசாவுக்கோ நேர்முகத்துக்கோ தயாராகிறவர். மற்றவர் இடப்பெயர்வினால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோய், நாற்பது வயதில் மீண்டும் கொப்பியைத் திறக்கிறவர். இருவர் கையிலும் ஒரே மாதிரியான புத்தகம் இருக்கும்: ஆங்கில மரபுத்தொடர், எதிரே ஒரு வரித் தமிழ் அர்த்தம். கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை, அந்த ஒரு வரி பல இடங்களில் போதாது. குறிப்பாகச் சுயநலம், நியாயம் பற்றிய தொடர்களில் போதவே போதாது. எங்கள் அரசியல் வரலாற்றில் ஒரு பகுதி இந்தத் தொடர்களில்தான் வாதாடப்பட்டிருக்கிறது. ஆகவே அவற்றை எங்கள் விடயங்களைக் கொண்டே விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் 'லயன்ஸ் ஷெயார்'. ஈசாப்பின் கதையொன்றிலிருந்து வந்தது. சிங்கமும் வேறு மிருகங்களும் சேர்ந்து வேட்டையாடுகின்றன. இறைச்சியைப் பங்கு பிரிக்கும் சிங்கம், ஒரு பங்கு அரசன் என்பதற்கு, ஒரு பங்கு தன் பலத்துக்கு என்று காரணம் சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்கிறது. கதையில் 'முழுவதும்' என்றிருந்த பொருள் இன்றைய ஆங்கிலத்தில் 'மிகப் பெரிய பகுதி' என்று மாறிவிட்டது. ஓர் அறிக்கை "நிதியில் லயன்ஸ் ஷெயார் வீடமைப்புக்குப் போனது" என்று சொன்னால் அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதைச் 'சிங்கப் பங்கு' என்று தமிழாக்கினால், தேசியக் கொடியில் சிங்கம் இருக்கும் நாட்டில் வாசகர் வேறொன்றை விளங்கிக்கொள்வார். 'பெரும்பங்கு' என்பதே போதும்.

'டோக் இன் த மேஞ்சர்' எங்களுக்குப் புதியதல்ல. அது எங்கள் வைக்கல் பட்டடை நாய்தான். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. தனக்கு ஒரு பயனும் இல்லாமல் மற்றவருக்குக் கிடைக்காமல் செய்வதே இதன் சாரம். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. சும்மா பற்றை வளர்ந்து கிடக்கும் காணிக்கு இந்தத் தொடர் பொருந்தும். இராணுவம் தோட்டம் செய்து மரக்கறி விற்ற காணிக்குப் பொருந்தாது. அங்கே நாயே வைக்கலைத் தின்கிறது. முறைப்பாட்டுக் கடிதத்தில் ஆங்கிலத் தொடரைச் சேர்க்க விரும்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிழையான தொடர், சரியான முறைப்பாட்டையும் பலவீனமாக்கிவிடும்.

'ராபிங் பீட்டர் டு பே போல்' என்பதற்குப் பல புத்தகங்கள் 'கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது' என்று பொருள் தருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. தேங்காய்க்காரர் பிறர் பொருளில் புண்ணியம் தேடுகிறார். ஆங்கிலத் தொடரில் இருப்பவர் ஒருவரிடம் எடுத்து இன்னொருவரின் கணக்கைத் தீர்க்கிறார், அதனால் ஓட்டை இடம் மாறுகிறதே தவிர அடைபடுவதில்லை. வன்னியில் ஒரு நுண்கடன் கம்பனியின் கிழமைக் கட்டுப்பணத்தை இன்னொரு கம்பனியின் கடனால் கட்டும் பெண்களின் நிலைமை இதுதான். அதைச் சுயநலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, எங்கள் அரசியலில் மிகவும் புகழ்பெற்ற ஆங்கிலத் தொடர்: 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி'. அன்றாடப் பேச்சில் இரண்டு பேர் சரிபாதியாகப் பிரிப்பது என்று பொருள். ஜி.ஜி. பொன்னம்பலம் 1944 டிசம்பரில் இலங்கை வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் வாதாடிய கோரிக்கைக்கும் இந்தப் பெயர்தான் நிலைத்தது. ஆனால் அவர் தமிழருக்குப் பாதி கேட்டார் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். கோரிக்கை அதுவல்ல. சட்டமன்றத்தில் பாதி ஆசனங்கள் சிங்களவருக்கு, மறுபாதி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் உட்பட ஏனைய எல்லோருக்கும் சேர்த்து. எந்த ஒரு சமூகமும் மற்ற எல்லாரையும் தனியே வாக்கால் தோற்கடிக்கக் கூடாது என்பது அதன் தர்க்கம். சனத்தொகையில் ஏறத்தாழ 70 வீதமானவர்களுக்குப் பாதி ஆசனம்தானா என்பது எதிர்வாதம். ஆணைக்குழு கோரிக்கையை ஏற்கவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியபோது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது தெரிந்தது. ஒரு பெயர் எவ்வளவு தூரம் பொருளைத் திரிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கிடையிலான பங்கீட்டுச் சொல்லைப் பல பேருக்கிடையிலான பிரச்சினைக்கு வைத்ததும், கேட்டவர் பேராசைக்காரர் ஆகிவிட்டார்.

'லெவல் பிளேயிங் ஃபீல்ட்' என்றால் சமதளமான விளையாட்டிடம், அதாவது எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. மைதானம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் இடைவேளையில் இரு அணிகளும் பக்கம் மாறுவதால் உதைபந்தாட்டத்தில் அது ஓரளவு சரியாகிவிடும். வாழ்க்கையில் பக்கம் மாறும் வழக்கம் இல்லை. 1971இல் மருத்துவபீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் தமிழ் மாணவருக்கு 250உம் சிங்கள மாணவருக்கு 229உம் தேவைப்பட்டன. சரிவை நிமிர்த்துகிறோம் என்பதே அரசு சொன்ன நியாயம். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது யாழ்ப்பாண மாணவரைக் கடுமையாகப் பாதித்தது. அதேவேளை வசதி குறைந்த தமிழ் மாவட்டங்களுக்குக் கதவையும் திறந்தது. இன்றைய அனுமதி முறையில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் பலர் அந்த வழியால்தான் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஆகவே யாராவது 'லெவல் பிளேயிங் ஃபீல்ட்' என்றால், சரிவை யார் அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். இனத்தைக் கொண்டு அளப்பதும் பள்ளிக்கூடத்தின் வசதியைக் கொண்டு அளப்பதும் ஒன்றல்ல.

கடைசியாக, 'ஃபெயார்' என்ற சொல்லே செய்யும் குழப்பம். 'ஃபெயார் இனஃப்' என்றால் 'போதுமான நியாயம்' அல்ல. "சரி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்" என்பதே பொருள். நேர்முகத்தில் அதிகாரி உங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லும்போது நாகரிகத்துக்காக 'ஃபெயார் இனஃப்' என்றால், அதை ஒப்புக்கொண்டதாகவே எழுதப்படலாம். உடன்பாடு இல்லையென்றால் இல்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதும் உங்கள் உரிமை.

'ஃபெயார் கேம்' இன்னும் மோசமானது. இங்கே 'கேம்' விளையாட்டல்ல, வேட்டை மிருகம். யாரும் தாக்கலாம், கேள்வி இல்லை என்ற நிலையில் இருப்பவரையே அப்படிச் சொல்வார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். விடுதியில் தங்கியிருந்த தமிழர் என்பதே போதுமானதாக இருந்த அந்தக் காலைதான் 'ஃபெயார் கேம்' என்பதன் பொருள். சொல்லுக்குள் நியாயம் இருக்கிறது, செயலுக்குள் இல்லை.

நட்டஈடு, காணி, மீள்குடியேற்றம் பற்றிய ஆங்கிலப் பத்திரம் கையில் கிடைத்தால் ஒரு சிறிய வேலை செய்யுங்கள். 'ஈக்குவல்' என்று இருக்கிறதா, 'ஃபெயார்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது அளக்கக்கூடியது: எல்லோருக்கும் ஒரே அளவு. இரண்டாவது ஒருவரின் தீர்மானம். தீர்மானிப்பவர் யார் என்பது அடுத்த வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்.