நாலு பேருக்கு ஒரு வேலை

பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் இடத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும்தான் கேட்பார்கள். நடத்திப் பார்த்தவர் கேட்பது வேறு: மாதக் கடைசியில் வாத்தியார் சம்பளத்துக்கு என்ன வழி? சிகாகோவில் 1996-ல் தொடங்கிய ‘கிறிஸ்தோ ரே’ என்ற சேசு சபை உயர்நிலைப் பள்ளியின் கதை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பள்ளிகளில் கணிசமானவை அரசு உதவி பெறுபவை. கட்டடம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருவது. அமெரிக்காவில் அப்படியொரு ஏற்பாடு கிடையாது. பிறகு எப்படி அங்கே லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார்கள் என்றால், அதற்குப் பதில் கன்னியர்களும் அருட்சகோதரர்களும். 1965 வாக்கில் அந்த நாட்டில் ஏறக்குறைய 1,80,000 கன்னியர்கள் இருந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் என்ற அளவில் அவர்கள் பாடம் நடத்தினார்கள். 1960-ல் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் துறவியர். 1990-ல் அது நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவுக்கு வந்துவிட்டது. மீதி இடத்துக்கு வந்த ஆசிரியர்களுக்குக் குடும்பம் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. சம்பளம் ஏற, கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதும் ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிகள் மூடப்பட்டன. பலர் புறநகருக்குக் குடிபெயர்ந்தது, குடும்பத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கணக்குப் புத்தகத்தை உடைத்தது சம்பளம்தான்.

சிகாகோவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சேசு சபையார் 1870-ல் அங்கே தொடங்கிய புனித இஞ்ஞாசியார் பள்ளி, அந்தக் காலத்தில் பிழைக்க வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தது. மறுவருஷம் நகரத்தையே சுட்டெரித்த பெருந்தீயில் தப்பிய கட்டடம் அது. நல்ல பள்ளி என்று பெயர் எடுத்தது, நுழைவுத் தேர்வு வந்தது, கட்டணமும் அந்தப் பெயருக்கு ஏற்ப உயர்ந்தது. 1990-களில் அதற்குக் கொஞ்ச தூரத்தில், பில்சன் என்ற பேட்டையில் வாழ்ந்த மெக்சிகோக் குடும்பங்களுக்கு அந்தக் கதவு எட்டாத உயரத்தில் இருந்தது. பில்சனே ஒரு காலத்தில் செக் நாட்டுக்காரர்கள் குடியேறிப் பெயர் வைத்த இடம். அவர்கள் நகர, மெக்சிகோக்காரர்கள் வந்தார்கள். ஓட்டல் சமையலறை, தொழிற்சாலை, கட்டட வேலை, வீட்டு வேலை என்று உழைக்கிற மனிதர்கள். பிள்ளைகளில் பலர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே நின்றுவிடுவார்கள்.

சிகாகோ சேசு சபை மாநிலத் தலைவராக அப்போது இருந்தவர் பிராட் ஷேஃபர். மெக்சிகோ மக்களுக்கு என்ன செய்யலாம் என்று அவர் கேட்க, சபையார் முதலில் செய்தது அந்தப் பேட்டைக்கே போய் மக்களை விசாரித்தது. தேவாலயப் பங்குகளிலும் குடும்பங்களிலும் கிடைத்த பதில், எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்பது. இது எனக்குப் பிடித்த இடம். பெரிய சபைகள் வழக்கமாகத் தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு மக்களைத் தேடிப் போகும். இங்கே முதலில் காதைக் கொடுத்தார்கள்.

பள்ளியை நடத்த ஆள் வேண்டுமே. ஜான் ஃபோலி என்ற குருவை அழைத்தார்கள். சிகாகோக்காரர்தான், ஆனால் முப்பத்து நான்கு வருஷம் பெரு நாட்டில் பள்ளி நடத்தியவர். ஸ்பானிய மொழியில் பேசிச் சிரித்துச் சண்டை போடத் தெரிந்தவர். பள்ளியின் பெயரும் ஸ்பானிய மொழியில்தான். கிறிஸ்து அரசர் என்று பொருள். அங்கே ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் பாடம் நடக்க வேண்டும் என்று முடிவானது. வீட்டில் பேசுகிற மொழியைப் பள்ளி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை.

எல்லாம் சரி, பணம்? நன்கொடை கேட்டுத் தொடங்கிவிடலாம். வருஷா வருஷம் நடத்துவதற்கு யார் கொடுப்பார்? ரிக் முர்ரே என்ற ஆலோசகரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். அவர் சொன்ன யோசனை: பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும்.

கேட்டவுடன் பகீரென்கிறது இல்லையா? கணக்கைப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் கடைநிலை எழுத்தர் வேலை ஒன்று இருக்கிறது. கோப்பு அடுக்குவது, நகல் எடுப்பது, தபால் பிரிப்பது, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவது. இந்த வேலைகளுக்கு ஆள் நிற்பதில்லை. வருவார்கள், மூன்று மாதத்தில் போய்விடுவார்கள். அந்த ஒரு நாற்காலியை நான்கு மாணவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர், புதன் ஒருவர், வியாழன் ஒருவர். வெள்ளிக்கிழமை முறை வைத்து மாறிமாறி வரும். ஆக ஒரு மாணவருக்கு மாதத்தில் ஐந்து நாள் வேலை, மற்ற நாளெல்லாம் வகுப்பு. போகிற நாளுக்கு ஈடுகட்டப் பள்ளி நேரம் நீளம், பள்ளி ஆண்டும் நீளம். அந்த நாற்காலிக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் 5,000 டாலர் கொண்டுவந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பணம் பிள்ளையின் கைக்கு வராது, நேராகப் பள்ளிக் கணக்குக்குப் போகும். பெற்றோர் முடிந்த ஒரு தொகையைக் கட்டுவார்கள், மிச்சத்துக்கு நன்கொடை. படிப்புச் செலவின் பெரும்பகுதியைச் சுமப்பது அந்த நாற்காலி.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு எடுங்கள் என்று ஒரு வங்கியிடமோ வக்கீல் அலுவலகத்திடமோ கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள். சம்பளப் பட்டியல், வரி, காப்பீடு, ஒரு நாற்காலிக்கு நான்கு பெயர் என்று ஆயிரம் தலைவலி. ஆகவே தற்காலிகப் பணியாளர்களை அனுப்புகிற ஏஜென்சி மாதிரி ஓர் அமைப்பைப் பள்ளியே வைத்துக்கொண்டது. சட்டப்படி பிள்ளைகள் அந்த அமைப்பின் ஊழியர்கள். கம்பெனி ஒரு பில்லுக்குப் பணம் கட்டினால் போதும். கம்பெனிகள் தர்மத்துக்காக மட்டும் இதில் சேரவில்லை. வேலை நடக்கிறது என்பதால் சேர்ந்தன. தர்மம் மட்டுமே என்றால் அடுத்த மந்த நிலையில் முதலில் வெட்டப்படும் செலவு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

வேலைக்கு அனுப்புமுன் கோடையிலேயே பயிற்சி. ஆங்கில அகரவரிசையில் கோப்பு அடுக்குவது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம். ஒரே குடும்பப் பெயரில் நாற்பது பேர் இருக்கும் அலமாரியில் அடுக்கிப் பார்த்தால் தெரியும். போன் வந்தால் முதல் வார்த்தை என்ன, ஆள் இல்லையென்றால் எதைக் குறித்துக்கொள்வது, கை குலுக்கும்போது கண்ணைப் பார்ப்பது, டை கட்டுவது. கண்ணைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவதுதான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளைக்கு, அதே பார்வையை அலுவலகத்தில் அசட்டை என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பையன்கள் டையோடு வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். காலையில் பள்ளி வண்டி அன்றைய முறைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நகர மையத்துக்குப் போகும். பில்சனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். வானளாவும் கட்டடங்கள் தெரு முனையிலிருந்தே தெரியும். தெரிவது வேறு, லிஃப்டில் முப்பதாவது மாடிக்குப் போய் உன் மேஜை இது என்று உட்காருவது வேறு.

உழைப்பின் அருமையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தார்கள் என்று இந்தப் பள்ளியைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. இரண்டு ஷிப்டு பார்க்கிற அப்பாவின் வீட்டில் உழைப்பைப் பற்றிப் புதிதாக என்ன கற்பது? அவர்களுக்குக் கிடைத்தது அறிமுகம். வக்கீல் எப்படி வக்கீலானார், கணக்காளர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதை, அடுத்த மேஜையில் இருக்கிற ஒரு பெரியவரிடம் சாப்பாட்டு இடைவேளையில் கேட்க முடிந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா, சித்தப்பா வழியாகத் தானாகக் கிடைக்கிற சமாச்சாரம் இது. பணத்துக்காகப் போட்ட திட்டத்தில் இந்த வரவு எந்தப் பத்தியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. வேலையில் சொதப்பினால் கம்பெனி அனுப்பிவிடும். பதினைந்து வயதில் வேலையிலிருந்து நீக்கப்படுவது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். பள்ளி மறுபடி பயிற்சி தந்து வேறு இடம் பார்க்கும், ஆனால் வேலை நிலைக்காதவருக்குப் பள்ளியும் நிலைக்காது. அடுத்து, வேலைக்கு எடுக்கிறவர் ஆவணம் பார்த்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் 1986-லிருந்து சட்டம் இருக்கிறது. குடியேறிகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு இது சாதாரண முடிச்சில்லை. பணக்காரப் பிள்ளை சும்மா படிக்கிறது, ஏழைப் பிள்ளை மட்டும் உழைத்துப் படிக்க வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு அந்தப் பள்ளியிடம் பதில் இல்லை என்பேன். அதனிடம் இருந்தது பில்சனில் ஒரு வகுப்பறை.

இந்த ஏற்பாடு வெளியே பரவியது சீக்கிரமே நடந்தது. முதலீட்டாளர் பி. ஜே. காசின் 2001-ல் இதே மாதிரிப் பள்ளிகளை வேறு நகரங்களில் தொடங்க 2.2 கோடி டாலர் ஒதுக்கினார். அதே வருஷம் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் லசால் சகோதரர்களின் வழிவந்த பள்ளி ஒன்று இந்த முறையில் திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஏற்கெனவே இருந்த வெர்பம் தேயி பள்ளி 2002-ல் இந்த முறைக்கு மாறியது. பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்று உருவானது, ஃபோலியே பின்னர் அதற்குத் தலைமை தாங்கினார். இன்று அதில் நாற்பதை ஒட்டிய பள்ளிகள்.

இன்னொரு முள்ளும் வெகுநாள் இருந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சிறார் தொழிலாளர் விதி. இந்தப் பள்ளியின் ஏற்பாடோ பள்ளி நேரத்தில்தான் நிற்கிறது. 2010-ல் தொழிலாளர் துறை விதியைத் திருத்தி, கல்லூரிக்குத் தயார்செய்யும் படிப்போடு வேலையையும் சேர்த்துச் சொல்லித்தரும் பள்ளிகளுக்கு விலக்குத் தந்தது. வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் பள்ளி நேரத்தில் பார்க்கிற வேலை மூன்று வாரங்களுக்கு வாரம் 8 மணி நேரம், நான்காவது வாரம் 16 மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாள், முறை வரும்போது வெள்ளிக்கிழமையும் சேர்த்து: பில்சனில் போட்ட அட்டவணை அப்படியே அரசாங்க விதியில் ஏறியிருக்கிறது.