டில்லி சலோ... மவுஸைப் பிடித்தபடி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் பெற்றாகிவிட்டது. பாட்டு, சினிமா, ஈமெயில் என்று ஒரு மாதம் ஓடிவிடும். அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. விடுமுறைக்கு டில்லி செல்வதாக இருந்தால், ரயில் ஏறும் முன் கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை போய் வந்து விடுங்கள். வேடிக்கைக்காக மட்டும் அல்ல. வயதான அம்மா, அப்பாவை உடன் அழைத்துச் செல்பவர்களுக்கு இது பெரிய உதவி. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே படி ஏற வேண்டும் என்பதெல்லாம் அங்கே போய் நின்ற பிறகு தெரிந்து என்ன பயன்?

பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்திற்குச் செல்லுங்கள். தேடல் கட்டத்தில் ரெட் ஃபோர்ட், டெல்லி என ஆங்கிலத்தில் டைப் செய்து எண்டர் தட்டவும். இடது கீழ் மூலையில் உள்ள லேயர்ஸ் சதுரத்தில் கிளிக் செய்தால் சாட்டிலைட் படம் கிடைக்கும். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் கோட்டை அருகில் வரும்.

ஷாஜகான் 1638ல் தொடங்கி 1648ல் முடித்த கோட்டை இது. அப்போது யமுனை இதன் கிழக்கு மதிலை ஒட்டி ஓடியது. இப்போது படத்தில் பாருங்கள், நதி தள்ளிப் போய்விட்டது. இடையில் ரிங் ரோட்டில் கார்கள் எறும்பு போல் தெரியும். இனி நமது வேலை. லாகூர் கேட் மேல் ரைட் கிளிக் செய்து மெஷர் டிஸ்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதை வழியே கிளிக் செய்து கொண்டே திவான்-இ-காஸ் மண்டபம் வரை செல்லுங்கள். சுமார் அரை கிலோமீட்டர் காட்டும். திரும்பி வரவும் அதே தூரம்! முட்டிவலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் பல நாட்கள் மூடிவிடுவார்கள். டிக்கெட் எடுக்க, தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தை நம்பிக் கார்டு எண்ணைத் தராதீர்கள். தொல்லியல் துறையின் தளத்திற்குச் சென்று, அங்குள்ள லிங்க் வழியாகவே போங்கள்.

அடுத்து குதுப்மினார். சுமார் 73 மீட்டர் உயரம், உள்ளே 379 படிகள். ஆனால் ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில், பள்ளிப் பிள்ளைகள் உட்பட 45 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மேலே செல்ல அனுமதி இல்லை. "மேலே ஏறலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதீர்கள். இன்னொன்று, குதுப்மினார் என்றே மெட்ரோ நிலையம் இருக்கிறது என்று மகிழ்ந்து இறங்கிவிட வேண்டாம். நிலையத்திலிருந்து கோபுரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அதையும் அளந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்தது ஹுமாயூன் கல்லறைதான். தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டுகள் முந்தியது. கணவருக்காக மனைவி எழுப்பியது. கூட்டமும் குறைவு. மதுரையிலிருந்து செல்லும் சம்பர்க் கிராந்தி, கன்னியாகுமரி திருக்குறள் எக்ஸ்பிரஸ் எல்லாம் முடியும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திற்கு மிக அருகில் உள்ளது.

வலது கீழ் மூலையில் மஞ்சள் பொம்மை ஒன்று நிற்கும். அதை மவுஸால் பிடித்து இழுத்துக் கல்லறைத் தோட்டத்தில் போடுங்கள். நீங்களே அங்கு நிற்பது போல் நாலாபுறமும் சுற்றிப் பார்க்கலாம். டில்லித் தெருக்களுக்கு இந்த ஸ்ட்ரீட் வியூ வசதி 2022ல்தான் வந்தது என்றாலும், தொல்லியல் துறையுடன் சேர்ந்து கூகுள் எடுத்த நினைவுச் சின்னப் படங்கள் 2014லேயே வெளியாகிவிட்டன. கல்லறை உயரமான மேடை மேல் இருப்பதும், செங்குத்தான கற்படிகளும் தெளிவாகத் தெரியும். பாட்டியால் ஏற முடியாது என்று தோன்றினால், கீழே தோட்டத்தில் உட்கார வசதியான நிழலை இப்போதே தேடி வைத்துக் கொள்ளலாம்.

முடித்ததும் கன்ட்ரோல் கீயுடன் பி அழுத்தி மேப்பை பிரிண்ட் எடுங்கள். ஓரத்தில் லால் கிலா, ஹுமாயூன் கா மக்பரா என்று இந்திப் பெயர்களையும் தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் செங்கோட்டை என்றால் புரியாது.