ஓட்டமா? சைக்கிளா? எடைப் பயிற்சியா?

விடியற்காலை 5 மணி. தாராவியில் இருந்து ஒரு சைக்கிள் புறப்படுகிறது. பின்னால் இட்லிப் பாத்திரம், முன்னால் சாம்பார்த் தூக்கு. அதே நேரத்தில் மார்க்கெட்டில் ஒரு தொழிலாளி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றுகிறார். மூன்று மணி நேரம் கழித்து, சயான் ரெயில் நிலையத்தில் ஒரு குமாஸ்தா லோக்கலைப் பிடிக்க ஓடுகிறார்.

மூவரும் பிழைக்க வந்த தமிழர்கள். ஆனால் குமாஸ்தாவின் ஓட்டம் பிளாட்பாரத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு மாலை வரை நாற்காலிதான். முதலில் தொந்தி வருகிறது. பின்னாலேயே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருகின்றன.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர் படுத்துவிட்டால் இங்கும் உலை கொதிக்காது, அங்கும் கொதிக்காது.

லண்டன் பஸ் சொன்ன பாடம்

லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே சாலை!

ஆகவே உடம்பை அசைக்க வேண்டும். எப்படி அசைப்பது?

ஓட்டம்

60 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் சுமார் 250 கலோரி செலவாகும். இருதயமும் எலும்பும் பலப்படும். நல்ல ஷூ ஒரு ஜோடி இருந்தால் போதும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. தொந்தி உள்ளவர்கள் முதல் நாளே ஓடக் கூடாது. சில வாரம் வேகமாக நடந்து, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பழக வேண்டும்.

சைக்கிள்

அதே மனிதர் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் சுமார் 200 கலோரி. பாரத்தைச் சீட் தாங்குவதால் முழங்காலுக்கு அடி இல்லை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கி இருக்கும்படி சீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். குறை என்ன? கை, தோள், மார்புக்கு வேலை இல்லை. எலும்புக்கும் பெரிய பலன் இல்லை.

எடைப் பயிற்சி

இதில் அரை மணி நேரத்துக்கு 100 முதல் 180 கலோரிதான். அதனால் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அது தவறு. 30 வயதுக்கு மேல், பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. சாப்பாட்டில் இருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தசைதான். தசை கரைந்தால் சர்க்கரைக்குப் போக இடம் ஏது?

ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தண்டாலும் பஸ்கியும் இரும்பு இல்லாத எடைப் பயிற்சிகளே. பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் தங்கி இருந்தாலும், ஒருவர் தண்டால் எடுக்க இடம் கிடைக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

மூட்டை தூக்குகிறவருக்கு இது தேவையா என்று கேட்கலாம். ஓய்வில்லாமல் ஒரே தோளில் சுமப்பது முதுகைக் கெடுக்கும். பயிற்சி என்பது இரு பக்கமும் சமமாக, இடையில் ஓய்வோடு செய்வது.

எது முதல்?

மூன்றுக்கும் போட்டியே இல்லை. ஓட்டமும் சைக்கிளும் இருதயத்துக்கு; எடை தசைக்கு. வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. ஓட்டம்போல் மூச்சு வாங்கும் உழைப்பானால் 75 நிமிடம் போதும். சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

நேரம் இல்லையா? மாலையில் சயானில் இறங்குகிறவர் மாட்டுங்காவிலேயே இறங்கி வேகமாக நடக்கட்டும். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் நடந்தால் 150 நிமிடம் சேர்ந்துவிடும். ஞாயிறும் புதனும் தண்டால், பஸ்கி. கைக்காசு செலவு இல்லை!