மலிவான கணினி மின்வழங்கிகள் ஏன் பழுதாகின்றன?

கணினி திடீரென நின்றுபோகும்போது பழி பெரும்பாலும் வைரஸ் மீதோ மதர்போர்டு மீதோ போடப்படுகிறது. ஆனால் வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் மின்வழங்கியே, அதாவது கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்கப்படும் தகரப் பெட்டியே, பல சமயங்களில் உண்மையான காரணமாக இருக்கிறது. அது பழுதாகும் விதம் மோசமானதாக இருந்தால் ஹார்ட் டிஸ்கும் உடன் போகிறது. அதிலுள்ள கடைக் கணக்கோ குடும்பப் புகைப்படங்களோ திரும்பக் கிடைப்பதில்லை.

இந்தப் பெட்டிகளுக்கான ஏ.டி.எக்ஸ். என்ற தர வரையறையை 1995ஆம் ஆண்டு வெளியிட்டது, கலிஃபோர்னியா மாநிலத்தின் சான்டா கிளாரா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டெல் நிறுவனம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பெட்டியும் டொரொன்டோவில் வாங்கிய பெட்டியும் ஒரே கேபினட்டில், ஒரே திருகுத் துளைகளில் பொருந்துவது இதனால்தான். 12 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் இன்டெலின் வழிகாட்டி ஆவணங்களில் உள்ளன.

சிக்கல் என்னவென்றால், இது சட்டமல்ல, வழிகாட்டி மட்டுமே. திருகுத் துளை இடம் மாறியிருந்தால் வாங்கிய அன்றே தெரிந்துவிடும். ஆகவே அந்தப் பகுதியை எந்தத் தயாரிப்பாளரும் மீறுவதில்லை. மீறினால் வெளியே தெரியாத நிபந்தனைகளில்தான் சிக்கனம் தொடங்குகிறது.

பெட்டிக்குள் வரும் மாறுதிசை மின்சாரம் முதலில் நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பிறகு விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டிக்கப்பட்டு, சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியாக 12, 5, 3.3 வோல்ட் மின்சாரமாக வெளியேறுகிறது. மலிவான பெட்டிகளில் நுழைவாயில் வடிகட்டிக்கான இடங்கள் காலியாக விடப்பட்டு, வெறும் கம்பித் துண்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதைப் பழுதுபார்ப்போர் அடிக்கடி காண்கிறார்கள். அதிகச் சுமை ஏறும்போது தானாக நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று சிலவற்றில் இருப்பதே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மின்தேக்கி. அதனுள் இருக்கும் மின்பகு திரவம் வெப்பத்தில் சிறிது சிறிதாக வறண்டுபோகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறையும்போது இதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரை தாங்கும். 85 டிகிரிக்கென்று செய்யப்பட்ட விலை குறைந்த மின்தேக்கியோ அதே 65 டிகிரியில் 8,000 மணி நேரத்தில் முடிந்துவிடும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இயங்கும் அலுவலகக் கணினியில் முதலாவது எட்டு ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கும். இரண்டாவது இரண்டு ஆண்டுகளைச் சற்றே தாண்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் வேலூர் அறையில் அந்த இரண்டு ஆண்டும் சந்தேகமே.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் பழுதான மின்தேக்கிகள் உப்பி, கசிந்து, உலகெங்கும் கணினிகளைச் செயலிழக்கச் செய்தன. மதர்போர்டுகளில் ஏற்பட்ட இத்தகைய பழுதுகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் சுமார் 300 மில்லியன் டாலர் ஒதுக்க நேர்ந்தது.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே 18 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது 216 வாட் மட்டுமே. இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் அட்டையும் மின்சாரத்தைப் பெறுவது பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்துதான். 2000ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்த காலத்தில் தொடங்கிய இம்மாற்றத்தை, 2003இல் வெளியான திருத்தப்பட்ட வரையறை உறுதிப்படுத்தியது. ஆனால் பழைய வடிவமைப்பில் 5 வோல்ட்டுக்கே அதிகம் ஒதுக்கி, புது அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் அதன் பிறகும் நீடித்தது.

மின்வெட்டுக்குப் பழகிய ஊர்களில் இன்னொரு பலவீனமும் வெளிப்படுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரத்தை எட்டியது. மின்சாரம் நின்ற பின் சுமார் 16 மில்லி விநாடிகளாவது மின்வழங்கி தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிறது இன்டெலின் வழிகாட்டி. யு.பி.எஸ். கருவி பேட்டரிக்கு மாற அந்த இடைவெளி தேவை. முதன்மை மின்தேக்கியைச் சிறியதாக வைத்துக் காசு மிச்சப்படுத்திய பெட்டி அதற்கு முன்பே விழுந்துவிடும். யு.பி.எஸ். வாங்கியும் கணினி ஏன் அணைகிறது என்று குழம்புவோர் பலர். பழுது யு.பி.எஸ்.ஸில் இல்லாமலும் இருக்கலாம்.

சான்டா கிளாராவிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ பழைய கணினியை ஊருக்கு எடுத்துச் செல்வோருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். பழைய, மலிவான பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று குறித்த சிறு சிவப்பு விசை இருக்கும். அதை 115இல் விட்டுவிட்டு ஊரில் செருகினால், 200 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகள் ஒவ்வொன்றின் மீதும் சுமார் 325 வோல்ட் ஏறும். ஃப்யூஸ் முந்திக்கொள்ளாவிட்டால் வெடிச் சத்தம் கேட்கும். தரமான புதிய பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்வதால் இந்த விசையே அவற்றில் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? 2004இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 80 பிளஸ் சான்று ஒரு நல்ல தொடக்கம். மின்சாரம் வீணாகாமல் மாற்றப்படுகிறதா என்பதை அது அளக்கிறது. வீணாகும் மின்சாரமே வெப்பம் என்பதால் ஆயுளுக்கும் அதில் மறைமுகத் தொடர்பு உண்டு. எனினும் அச்சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி அறை வெப்பத்தில். நீடித்து உழைக்கும் என்ற உறுதியை அது தருவதில்லை. பிரபலமான பெயரும் முழு உத்தரவாதமல்ல: சோதனையாளர்கள் சிலரின் மேசையில் வெடித்ததை அடுத்து, ஜிகாபைட் நிறுவனம் 2021 ஆகஸ்டில் தனது 750, 850 வாட் மின்வழங்கிகளில் குறிப்பிட்ட தொகுதிகளை மாற்றித் தர முன்வந்தது. நீண்ட நேர, மிகையான சோதனையே காரணம் என்பது அந்நிறுவனத்தின் விளக்கம்.

எனவே 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பார்ப்பது, 105 டிகிரி மின்தேக்கிகளா என்று கேட்பது, பெட்டியைப் பிரித்து ஆராய்ந்த சுதந்திரமான மதிப்பீடுகளைப் படிப்பது ஆகிய மூன்றும் விளம்பரத்தைவிட அதிகம் சொல்லும். கேபினட்டுடன் இலவசமாக வரும் மின்வழங்கியை நம்பாமல் இருப்பது அதைவிட எளிது. பழுதான பெட்டியை வீட்டில் திறந்து பார்ப்பதைத் தவிர்ப்பதே நல்லது. மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஐந்து முதல் பத்து ஆண்டு வரை உத்தரவாதம் தரும் மின்வழங்கிகள் சந்தையில் உள்ளன. ஆனால் பல நிறுவனங்களில் அது வாங்கிய நாட்டிலேயே செல்லுபடியாகும். சான்டா கிளாராவில் வாங்கி மதுரைக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர், பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.