ரேமுக்கும் உண்டு ஜாதகம்

வெள்ளிமலையிலிருந்து அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்திருந்தான். “ரேம் சேத்தா பறக்கும்னாங்க மாமா, இப்ப நடுவுல நின்னு போவுது.” சொல்லி வாய் மூடவில்லை, திரையில் அம்பு அசையாமல் நின்றது. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தேன். அதன் குட்டி விளக்கும் மாறவில்லை. அது மாறியிருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் மட்டும் திணறுகிறது என்று எண்ணலாம். மாறாததால் மொத்தமும் உறைந்திருக்கிறது.

ரேம் என்பது ஓட்டைக் குடங்களின் வரிசை. ஒரு பிட்டுக்கு ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டுக்கு 1966-இல் தோன்றிய இந்த ஏற்பாடுதான் அடிப்படையில் இன்றும் ஓடுகிறது. குடத்தில் மின்னூட்டம் இருந்தால் 1, வற்றியிருந்தால் 0. ஆனால் குடம் ஒழுகும். போதாததற்கு, ஒருமுறை படித்தாலே காலியாகிவிடும். படித்த கையோடு மறுபடி நிரப்ப வேண்டும். 4 ஜிபி ரேமில் இப்படிச் சுமார் 3,400 கோடி குடங்கள். அத்தனையையும் 64 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று நிரப்பி முடிக்கிறார்கள். சில்லின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் ஒழுகல் கூடும், அவகாசம் 32 மில்லிநொடியாகச் சுருங்கும்.

இதில் ஒரு குடம் தவறினால்? அது படத்தின் ஒரு புள்ளியென்றால் நிறம் லேசாக மாறும், நமக்குத் தெரியவே தெரியாது. அடுத்து எங்கே போவது என்ற முகவரியில் தவறினால், பிராசசர், இல்லாத ஒரு வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்.

லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, இரண்டு ரேமையும் எடுத்தோம். பழையதை மட்டும் சாய்த்துச் செருகி, கிளிப் ‘டக்’கென்று பிடிக்கும்வரை அழுத்தினோம். நன்றாக ஓடியது. புதியது மட்டும்: அதுவும் ஓடியது. இரண்டையும் போட்டால் அரை மணியில் நின்றது.

ஒவ்வொரு ரேம் பலகையிலும் ஒரு கடுகுச் சில்லில் அதன் ஜாதகம் எழுதியிருக்கும்: வேகம், மின்னழுத்தம், எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம். லேப்டாப் கண் விழித்ததும் பயாஸ் இரண்டு ஜாதகத்தையும் படித்துப் பொருத்தம் பார்க்கிறது. வேகம் வேறானால் மெதுவானதன் நடைக்கு இரண்டையும் இழுக்கும். பெரும்பாலும் குடும்பம் ஓடிவிடும். சில ஜோடிகளுக்கோ பொருத்தம் மயிரிழையில்தான். குளிர்ந்திருக்கும்போது தாக்குப்பிடித்து, சூடேறியதும் பிசகும். கழற்றி மாட்டினால் சரியாகிறதே என்று ஏமாறுவது இங்கேதான்.

கடையில் கொடுத்துப் பழையதன் எண்களோடு ஒத்துப்போகும் ரேமாக மாற்றி வந்தோம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருள் இரவு முழுக்க ஓடியது. காலையில் பிழை 0.

“மலையில குளுகுளுன்னு இருக்கு, அங்க இன்னும் நல்லா ஓடுமில்ல மாமா?”

ஓடும். ஆனால் மேலே ஏற ஏற விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கூடும் என்றேன். அவை மோதி எழுப்பும் துகள்கள் எப்போதாவது ஒரு குடத்தைக் கவிழ்த்துவிடும். 1978-இல் இன்டெல்லின் டிமோதி மே, மரே வுட்ஸ் இருவரும், சில்லின் பீங்கான் உறையில் துளியளவு இருந்த யுரேனியமும் தோரியமும்கூட இதே வேலையைச் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். 3,000 அடி மலையில் அது அன்றாடம் லேப்டாப்பை நிறுத்தும் அளவுக்கெல்லாம் இல்லை.

அவன் பாதியைத்தான் கேட்டான். “அப்ப அசைன்மென்ட் காணோம்னா, வானத்துலேர்ந்து வந்து அழிச்சிடுச்சு மிஸ்னு சொல்லிக்கலாம்.”